பழுதுக்குள் ஒரு பழுது

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, எங்கள் தெருக்கோடி வீட்டில் குடியிருப்பவனும் மெல்லிசைக் குழு ஒன்றில் கித்தார் வாசிப்பவனுமான இளைஞன், காய்கறிப் பைக்குள் கனமான ஏதோ ஒரு வஸ்துவைச் சுமந்து வந்து என் மேசைமேல் வைத்தபோது, பையின் வயிறு வட்டமாகப் புடைத்திருந்ததைக் கண்டு, தோசைக்கல்லைக் காது ஒட்டிக் கொடுக்கச் சொல்லித் தாயார் அனுப்பியிருக்கிறாள் என்றே முதலில் எண்ணினேன். பையை உருவியதும் வெளிப்பட்டது ஓர் உலோகப் பெட்டி. சாம்பல் வர்ணம் பாதி உதிர்ந்துபோயிருந்தது. மேலே கண்களைப்போல் இரண்டு குமிழ்கள், நடுவே மூக்கைப்போல் காலால் மிதிக்கும் ஒரு சுவிட்ச், கீழே வாயைப்போல் வளைந்த ஒரு பட்டை. ஆக மொத்தம் குழந்தை வரைந்த முகம் ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

‘ஃபஸ் ஃபேஸ்’ என்பது அதன் பெயர். 1966ஆம் ஆண்டில் லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் என்ற இசைக்கருவி வியாபாரியின் கம்பெனி விற்கத் தொடங்கிய, கித்தாரின் நாதத்தை மாற்றுவதற்காகக் காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெடல். மைக் ஸ்டாண்டின் வட்டமான அடிப்பாகத்தைக் கண்டு அவருக்கு இந்த உருவம் தோன்றியதாகச் சொல்வார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் கித்தார் வித்துவான் இதை மிதித்து வாசித்தார் என்ற ஒரே காரணத்தினால், அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று இன்று கண்ணில் பட்டால், கித்தார் வாசிக்கிறவர்கள் பழைய விக்கிரகத்தைக் கண்டவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். இளைஞனுடைய பெரியப்பா லண்டனில் பல வருஷம் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். அவர் காலமான பிறகு பரணை ஒழித்தபோது, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் இது அகப்பட்டதாம்.

“டிரான்சிஸ்டர் போயிடுச்சு மாமா. கேட்ட எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், ஜோடி பார்த்து வெளிநாட்டிலேருந்து வரவழைக்கணுமாம். மாத்தினா சரியாயிடுமாம்.”

மாற்றவில்லை, மாற்றுவதற்கு அவசியமும் நேரவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்த உறுப்புகளில் ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. கெட்டிருந்தது அவை ஒன்றோடொன்று சேர்ந்திருந்த முறை மட்டுமே. பழுதுபார்க்கும் உரிமை என்று இப்போது பல தேசங்களில் சட்டமாகியும் சட்டமாக முயன்றும் வருகிற நல்ல கோரிக்கையில், உதிரிப் பாகத்துக்குக் கொடுக்கப்படும் முதன்மை, அந்தப் பாகங்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் வரைபடத்துக்குக் கொடுக்கப்படாதது பெரிய பிசகு என்று நான் கருதுகிறேன். அந்த அபிப்பிராயத்துக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த வட்டமுகப் பெட்டியாதலால், அதன் கதையையே விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒலியைப் பெருக்கும் சாதனங்களுக்கு ஒரு தர்மம் உண்டு. உள்ளே வந்த நாதம், உருக்குலையாமல், பெரிதாகி வெளியே போகவேண்டும். ஃபஸ் என்பது அந்தத் தர்மத்தை வேண்டுமென்றே மீறுவது. கித்தார்க் கம்பியின் அதிர்வு மின்சார அலையாக மாறி வரும்போது அதன் சிகரங்கள் உருண்டையாக இருக்கும். இந்தப் பெட்டி அவற்றை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கி, பாட்டரியின் 9 வோல்ட் என்ற கூரையிலே மோதவிட, சிகரங்கள் நறுக்குண்டு மொட்டையாகின்றன. அப்படி மொட்டையான அலையிலிருந்து, மூல ஸ்வரத்தின்மேல் ஏறி நிற்கும் உப ஸ்வரங்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. காதுக்கு அது வண்டின் ரீங்காரமும் ரம்பத்தின் அறுப்பும் கலந்ததொரு கரகரப்பு. அபஸ்வரம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: தம்பூராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, இம்மி இம்மியாக நகர்த்தி, தந்தி குதிரையின்மேல் உரசி உரசி ரீங்கரிக்கும்படி ‘ஜீவா’ வரவழைக்கிறோமே, அதுவும் சுத்தமான தந்தி நாதத்தை வேண்டுமென்றே கெடுத்து உப ஸ்வரங்களை எழுப்புகிற காரியம்தான். நாம் நூலால் செய்ததை அவர்கள் டிரான்சிஸ்டரால் செய்தார்கள். கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்தார்கள் என்பது உண்மை.

அந்த முரட்டு நாதம் பிறந்ததே ஒரு பழுதிலிருந்துதான். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகர் பாடி 1961இல் வெளிவந்த ‘டோன்ட் வொர்ரி’ என்ற பாட்டைப் பதிவு செய்கையில், கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பாஸ் கித்தார் வாசித்த இடத்தில், ஒலிக்கலவைப் பலகையின் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கெட்டு, நாதம் திடீரென்று கரகரத்துவிட்டது. மற்ற எவரும் பதிவை நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். அவர்களோ அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாட்டு பிரசித்தமாயிற்று; அந்தக் கரகரப்பு எங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டு வந்தபோது, கெட்ட டிரான்ஸ்ஃபார்மரோ முற்றிலும் செத்துப்போயிருந்தது. ஆகவே கிளென் ஸ்னாடி என்ற அந்த ஒலிப்பதிவுப் பொறியாளர், பழுதை டிரான்சிஸ்டர்களால் புதிதாகக் கட்டிக் கிப்ஸன் கம்பெனிக்குக் கொண்டுபோனார். 1962இல் அது ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆரம்பத்தில் அதைச் சீந்துவாரில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகோ கடைகளில் சரக்கு நிற்கவில்லை. இதற்கு நடுவே, இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற இளைஞர், சொந்த ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவரப் பிளேடால் கீறி அதே கரகரப்பை வரவழைத்து, 1964இல் ஒரு பாட்டையே வெற்றியாக்கிவிட்டார். நல்ல சாமானைக் கீறிக் கெடுத்த பிள்ளையை வீட்டில் என்ன சொன்னார்களோ!

ஆகவே இந்த மாதிரிக் கருவியைப் பழுதுபார்க்க உட்காருகிறவனுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சங்கடம். மற்ற ரேடியோவோ ஆம்பிளிஃபயரோ கரகரத்தால் அதுவே புகார். இங்கே கரகரக்கவில்லை என்பது புகார். செய்தவன் வேண்டுமென்று வைத்த பழுது எது, காலம் கொண்டுவந்த பழுது எது என்று பிரித்து அறிந்தாலன்றி, உள்ளே கை வைப்பது அபாயம்.

முதல் நாள் மாலை, பெட்டியைத் திறக்காமலே சிறிது நேரம் அதோடு பேசிக்கொண்டிருந்தேன். கித்தாரை அதில் செருகி, அதிலிருந்து ஆம்பிளிஃபயருக்குக் கம்பி போட்டு, சுவிட்சை ஒரு தரம் மிதித்தால், கித்தாரின் இயல்பான நாதம் குறையேதுமின்றிக் கடந்து போயிற்று. மறு தரம் மிதித்தால், போர்வைக்கு வெளியே கொசு முனகுவதுபோல் ஏதோ கேட்டது. இந்த ஒரு சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் வரவு அதிகம். கம்பி நன்றாயிருக்கிறது, உள் ஜாக்கும் வெளி ஜாக்கும் நன்றாயிருக்கின்றன, சுவிட்சில் பாதியாவது நன்றாயிருக்கிறது என்று நான்கு சந்தேகங்கள் ஒரே மிதியில் தீர்ந்தன. எஞ்சிய மர்மம் போர்டிலும், அதற்கு மின்சாரம் போகிற வழியிலும்தான் இருக்கவேண்டும்.

பிறகு கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினேன். முதல் தடவை இதைத் திறக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பெரிய கூடத்தில் ஒரே ஒரு முக்காலி போட்டதுபோல், அத்தனை பெரிய பெட்டிக்குள் இரண்டு தீப்பெட்டி அகலத்தில் ஒரு பழுப்பு நிறப் போர்டு. அதன்மேல் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டென்ஸர். வெளியே 2 குமிழ்களுக்கான கண்ட்ரோல்கள். எல்லாம் சேர்த்து 11 உறுப்புகள். மற்றதெல்லாம் கம்பி. சுவிட்சுக்கும் ஜாக்குகளுக்கும் கண்ட்ரோல்களுக்கும் பாட்டரிக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற, பிளாஸ்டிக் உறை வெளிறி இறுகிப்போன கம்பிகள்.

டிரான்சிஸ்டரின் உச்சந்தலையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பெட்டிகளில் சிலவற்றில் என்கேடி275 என்ற ஜாதியும் சிலவற்றில் ஏசி128 என்ற ஜாதியும் இருக்கும். இதில் இருந்தது ஏசி128. வெளிநாட்டிலிருந்து தவம் செய்து வரவழைக்க வேண்டும் என்று இளைஞனுக்கு உபதேசிக்கப்பட்ட அந்த அபூர்வ வஸ்து, பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்து, நம்முடைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் கடைசிக் கட்டத்தில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, டீக்கடைகளிலும் களத்துமேடுகளிலும் பாட்டுப் பாடிய அதே ஏசி128தான். திருநெல்வேலியில் ஒரு ரேடியோ கடையில் நான் தொழில் பழகிய நாட்களில், அதைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருப்போம்.

அந்தக் கடையின் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்போம். அண்ணாச்சியிடம் விசித்திரமான ஒரு நியமம் இருந்தது. எந்தச் செட் வந்தாலும், கம்பெனியின் வரைபடம் கிடைக்காவிட்டால், சால்டரிங் அயர்ன் சூடேறுவதற்கு முன்பாக, உள்ளே இருக்கிற இணைப்பை ஒரு காகிதத்தில் நாங்களே வரைந்து அவரிடம் காட்டவேண்டும். “படம் போட்டியாலே?” என்பது அவருடைய முதல் கேள்வி. போடவில்லை என்றால் அயர்னைப் பிடுங்கிவிடுவார். வேலை முடிந்ததும் பெட்டியின் உட்புறத்தில் பென்சிலால் தேதியும் செய்த காரியமும் எழுதி வைப்பார். பிறகு யார் திறந்தாலும் அறிந்துகொள்ளட்டும் என்பது அவர் கட்சி.

அண்ணாச்சியின் சிஷ்யனாகிய நான் இந்த வயதில் அந்த நியமத்தை மீறி, அதற்குத் தக்க தண்டனையும் பெற்றேன். 11 உறுப்புகள்தானே, இதற்கு எதற்குப் படம் என்ற அலட்சியத்தில், நேரே மல்டிமீட்டரை எடுத்தேன். பாட்டரி புதியது, 9 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டியது. இந்தச் சுற்றில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் கால்தான் நாடி பிடித்துப் பார்க்கவேண்டிய இடம். பாட்டரியின் பாதி அளவுக்குப் பக்கமாக, அதாவது 4.5 வோல்ட்டை ஒட்டி அங்கே இருந்தால் ஆரோக்கியம். மீட்டரின் கறுப்பு முனையை உலோகப் பெட்டியிலும் சிவப்பு முனையை அந்தக் காலிலும் வைத்தேன். எண் ஒன்று வந்தது. எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் அதிகம். பழைய ஜெர்மேனியமாயிற்றே, அப்படித்தான் இருக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

அடுத்து, ரேடியோ கடைக் காலத்து யுக்தி. 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் ஒன்றின் ஒரு காலை ஆம்பிளிஃபயருக்குப் போகும் கம்பியில் பற்றவைத்து, மறு காலால் போர்டின் ஒவ்வோர் இடத்தையும் தொட்டுத் தொட்டுக் கேட்பது. வைத்தியர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்துவதைப் போன்றதே இது. நாதம் எந்த இடம் வரையில் வருகிறது, எந்த இடத்தில் மாய்கிறது என்று காதே சொல்லிவிடும். இளைஞன் ஓயாமல் ஒரே தந்தியை மீட்டிக்கொண்டிருந்தான். உள் ஜாக்கில் நாதம் இருந்தது. முதல் கண்டென்ஸரைத் தாண்டியும் இருந்தது. முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் காலில் இருந்தது. அதைத் தாண்டியதும், பல மடங்கு பெருகிக் கேட்கவேண்டிய இடத்தில், முன்னிலும் மெலிந்து கேட்டது. இரண்டாவதிலும் அப்படியே.

“நான்தான் சொன்னேனே மாமா, டிரான்சிஸ்டர்னு” என்றான் இளைஞன், மீட்டுவதை நிறுத்தாமல்.

இரண்டு மணி நேரம் செலவழித்து, அவனுக்கு உபதேசித்தவர்களின் முடிவுக்கே நானும் வந்து சேர்ந்திருந்தேன். பிரத்தியட்சமாகக் கேட்ட பிறகு வேறென்ன சொல்வது? இரண்டும் ஒருங்கே இறந்தது எப்படி என்ற ஒரு சிறு உறுத்தல் மட்டும் இல்லாதிருந்தால், அன்றிரவே இரண்டையும் பிடுங்கியிருப்பேன்.

மறுநாள் காலை, காப்பிக்குப் பிறகு, அண்ணாச்சிக்குப் பயந்தவனைப்போல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு படம் போட உட்கார்ந்தேன். உள் ஜாக்கிலிருந்து 2.2 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர். அங்கிருந்து முதல் டிரான்சிஸ்டரின் பேஸ். அதன் கலெக்டருக்கு 33 கிலோ ஓம். அதே இடத்திலிருந்து நேராக இரண்டாவதின் பேஸ். இரண்டாவதின் கலெக்டருக்கு 8.2 கிலோ ஓம், அதற்கு மேலே 470 ஓம், இரண்டும் கூடுமிடத்திலிருந்து ஒரு சின்னக் கண்டென்ஸர் வழியாக நாதம் வெளியேறும். இரண்டாவதின் எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் திரும்பி வந்து முதலாவதின் பேஸைப் பிடித்துக்கொள்கிறது; மாமியார் மருமகளை அடக்குவதும் மருமகள் மாமியாரைத் தாங்குவதுமாக ஒன்றையொன்று நிதானப்படுத்தும் ஏற்பாடு. இவ்வளவும் வரைந்து, கடைசியாகப் பாட்டரியை வரைய வேண்டிய இடம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

ஏசி128 என்பது பிஎன்பி ஜாதி. அதன் கலெக்டருக்கு மைனஸ் வரவேண்டும். ஆகையால் இந்தப் பெட்டியில் பாட்டரியின் பிளஸ்தான் எர்த். சிவப்புக் கம்பி உலோகப் பெட்டியின் பக்கமும், கறுப்புக் கம்பி போர்டின் பக்கமும் போகவேண்டும். அந்தக் காலத்து ஜெர்மேனியம் சாதனங்களில் இது சகஜம். பின்னால் சிலிகான் டிரான்சிஸ்டர்கள் வந்து என்பிஎன் ஜாதி பெருகிய பிறகு, மைனஸ் எர்த் என்பதே உலக வழக்கமாயிற்று. என் படத்தில் பிளஸ் எர்த். பெட்டிக்குள்ளே, என் கண்ணுக்கு எதிரே, சிவப்புக் கம்பி போர்டுக்கும் கறுப்புக் கம்பி ஜாக்குக்கும் போயிருந்தன. மீட்டரைத் திரும்பவும் வைத்துப் பார்த்தேன். நேற்றுப் பார்த்த அதே எண். அந்த எண்ணுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய ஒரு சிறு கோடு, எள்ளளவு மைனஸ் குறி, அங்கே இல்லை. நேற்று எண்ணைத்தான் பார்த்தேன். கோடு இல்லாததைப் பார்க்கவில்லை. இருக்கிற பிசகைக் கண் காணும். இல்லாத ஒன்றை, அது அங்கே இருந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டி அறிந்தாலொழியக் கண் எப்படிக் காணும்?

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இணைப்புகளைப் பரிசோதித்தேன். மற்ற ஈயப் பொட்டுகள் யாவும் காலத்தால் மங்கிச் சாம்பல் பூத்திருக்க, பாட்டரிக் கம்பிகள் சேருமிடத்தில் இரண்டு பொட்டுகள் மட்டும் புது நாணயம்போல் மினுங்கின. எப்போதோ, யாரோ, பாட்டரி மூடியை மாற்றியிருக்கிறார். அவர் அஜாக்கிரதைக்காரர் அல்லர் என்பதை அந்தப் பொட்டுகளே சொல்லின. உருண்டு திரண்டு, பக்கத்தில் சொட்டாமல், கம்பியின் உறை கருகாமல், கைதேர்ந்த வேலை. சிவப்புக் கம்பி எர்த்தின் பக்கம் போவதை அவர் கண்டிருக்கிறார். யாரோ ஒரு மூடன் மாற்றிப் போட்டிருக்கிறான் என்று கருணையோடு அதைத் திருத்தியிருக்கிறார். தெரியாமல் செய்த பிசகல்ல, தெரிந்தே செய்தது. இப்போது எல்லோரும் கற்கும் விதியை, அந்த விதி பிறப்பதற்கு முந்திய பெட்டிக்குள் பிரயோகித்தார்.

டிரான்சிஸ்டர்கள் எப்படிப் பிழைத்தன என்றால், 33 கிலோ ஓமும் 8.2 கிலோ ஓமும் குறுக்கே நின்று, தலைகீழாக வந்த மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகவே விட்டன, பாட்டரியும் சின்னது. தலைகீழாக நின்ற டிரான்சிஸ்டர் முற்றிலும் ஊமையாகாமல் ஏதோ முனகும். அதைத்தான் கொசு என்று கேட்டோம். இதிலே இளைஞனுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டியிருந்தது. மேடையில் பல பெடல்களுக்கு ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து மின்சாரம் கொடுப்பது இக்காலத்து வழக்கம். மைனஸ் எர்த் பெட்டிகளோடு இந்தப் பிளஸ் எர்த் பெட்டியையும் அந்த வரிசையில் கோர்த்தால், நாதம் போகும் கம்பியின் எர்த் வழியாகவே அடாப்டர் ஷார்ட் ஆகிவிடும். இதற்குத் தனிப் பாட்டரிதான்.

இனி என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம் மீட்டரும் காதும் சேர்ந்து என்னைத் தவறான முடிவுக்கு அழைத்துச் சென்றன. கல்யாணப் பத்திரிகையின் முதுகில் பென்சிலால் போட்ட படம் கால் மணியில் சரியான முடிவைத் தந்தது. எனக்கு முன்னால் திறந்தவரிடம் அந்தப் படம் இருந்திருந்தால் பழுதே நேர்ந்திராது. இளைஞனுக்கு உபதேசித்தவர்களிடம் இருந்திருந்தால், நல்ல டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கிப் புதியவற்றை வைக்கும் யோசனை எழுந்திராது. வைத்திருந்தால் புதியவையும் அதே கொசுக் குரலில் முனகி, அவனுடைய மூன்று மாதக் கச்சேரிப் பணத்துக்கு ஒரு டப்பா சந்தேகம்தான் மிஞ்சியிருக்கும்.

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதைச் சட்ட நெறியாகவே நிறைவேற்றி, உறுப்பு நாடுகள் 2026 ஜூலைக்குள் தங்கள் சட்டங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்தது. மிக நல்ல காரியம். ஆயினும் இவற்றைப் பற்றிய பேச்சைக் கேட்கிறபோதெல்லாம், உதிரிப் பாகம் கிடைக்கவேண்டும், நியாயமான விலையில் கிடைக்கவேண்டும், உத்தரவாதம் நீளவேண்டும் என்பவைதாம் உரத்த குரலில் ஒலிக்கின்றன. படமும் கையேடும் கொடுக்கப்படவேண்டும் என்பது பந்தியின் கடைசி இலைபோல் எங்கோ ஓரத்தில் கிடக்கிறது. நான் அந்த வரிசையையே புரட்டிப் போடுவேன். உதிரிப் பாகம் மட்டும் தாராளமாகக் கிடைத்துப் படம் கிடைக்காவிட்டால், விளைவு இப்போது சர்வீஸ் சென்டர்களில் காண்பதுதான்: வாஷிங் மெஷின் நின்றால் போர்டை மாற்று, டெலிவிஷன் நின்றால் போர்டை மாற்று. ஒரு ரெசிஸ்டரின் கால் விட்டிருந்தாலும் முழுப் போர்டுக்கும் நாம் பணம் கொடுக்கிறோம். மாற்றுகிற பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்குப் படத்தைக் காட்டியவர் யார்? எங்கள் காலத்து ரேடியோக்கள் பலவற்றுக்குக் கம்பெனிக்காரனே படம் கொடுத்தான்; சில செட்டுகளில் பெட்டியின் உட்புறத்திலேயே ஒட்டியும் இருக்கும்.

படத்தைக் கொடுத்தால் தொழில் ரகசியம் போய்விடும் என்று உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். பெடல் உலகத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பில் ஃபினெகன் என்பவர் 1994இல் ‘கிளான் சென்டார்’ என்ற பெடலை வெளியிட்டபோது, சுற்றை எவரும் பார்த்து எழுதிவிடக்கூடாது என்று, போர்டின்மேல் இறுகிக் கல்லாகும் எபாக்ஸிப் பசையை ஊற்றி மூடினார். பொறுமைசாலிகள் அந்தப் பசையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துப் படத்தை எழுதியே விட்டார்கள். இன்று அதன் நகல்கள் எண்ணிலடங்கா. அதனால் அசலின் மதிப்புக் குறைந்ததா? ஏறத்தாழ 8,000 மட்டுமே செய்யப்பட்ட அந்த அசல் பெட்டி, பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. பசை ரகசியத்தையும் காக்கவில்லை. ரகசியம் வெளிப்பட்டது விலையையும் கெடுக்கவில்லை. அந்தப் பசையால் இன்றைக்கும் இடைஞ்சல் ஒருவருக்குத்தான். அசல் பெட்டி பழுதானால் அதைத் திறந்து பார்க்க வேண்டியவருக்கு.

அபாயத்தைச் சொல்கிறவர்களும் உண்டு; தெரியாதவன் கையில் படத்தைக் கொடுத்தால் ஷாக் அடித்துச் சாவான் என்கிறார்கள். படம் இல்லாமலும் அவன் திறக்கத்தான் போகிறான். எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று படமாவது சொல்லும்.

பாட்டரிக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். கறுப்பு போர்டுக்கு, சிவப்பு உள் ஜாக்கின் நடு முனைக்கு. அந்த ஜாக் மூன்று முனையுள்ள ஸ்டீரியோ ஜாக். கித்தார்ப் பிளக்கைச் செருகும்போது பிளக்கின் உடம்பே நடு முனையையும் எர்த்தையும் சேர்த்துவிட, பாட்டரி உயிர் பெறுகிறது. பிளக்கை உருவினால் அணைகிறது. தனிச் சுவிட்சின் செலவை மிச்சம் பிடித்த சாமர்த்தியம். மீட்டரில் இப்போது 4.6, முன்னால் அந்தக் கோட்டுடன். இளைஞன் சுவிட்சை மிதித்துத் தந்தியை மீட்டினான். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சமையற்கட்டிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள்.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. பத்து நிமிஷத்துக்கெல்லாம் நாதம் இடையிடையே அறுந்து அறுந்து வரத் தொடங்கியது. ஊதுவத்திக் குச்சி ஒன்றை எடுத்து, அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்த ஒவ்வோர் இணைப்பையும் மெல்லத் தட்டிக்கொண்டு போனேன். ஃபஸ் கண்ட்ரோலின் நடுக்காலுக்கு வந்தபோது படபடவென்றது. கம்பியைக் குச்சியால் இம்மியளவு ஒதுக்கிப் பார்த்தால், உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு ஈயப் பொட்டின் விளிம்பிலேயே முறிந்து, முறிந்த இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. இத்தனை வருஷ மிதியில் அசைந்து அசைந்து நேர்ந்த களைப்பு. கால் அங்குலம் உறையை நீக்கிப் புதிதாகப் பற்றவைத்தேன். வேறெதையும் தொடவில்லை, சாம்பல் பூத்த மற்றப் பொட்டுகளை, பார்க்க அழகாயிருக்கட்டும் என்று புதுப்பிக்கும் ஆசை கையில் ஊறியதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அடக்கிக்கொண்டேன்.

நண்பகலில் வெயில் ஏறியபோது மறுபடி அளந்தேன். 4.6 என்றிருந்தது 5 வோல்ட்டைத் தாண்டியிருந்தது. குரலும் சற்றே தடித்து, மெல்ல மீட்டிய ஸ்வரங்கள் பாதியிலேயே விழுங்கப்பட்டன. ஜெர்மேனியத்தின் கசிவு மின்சாரம் உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரட்டிக்கும்.

“இது பழுதா மாமா?” என்றான்.

“இல்லை, அதன் சுபாவம். வெயிலில் வைக்காதே.”

அடித்தட்டை மூடுவதற்கு முன், கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்து, கம்பிகளுக்கு இடையூறு இல்லாத மூலையில் செருகினேன். பெட்டியில்தான் இடத்துக்குப் பஞ்சமில்லையே. படத்துக்கு அடியில் தேதியும், பாட்டரிக் கம்பிகள் இடம் மாற்றப்பட்டன, ஃபஸ் கண்ட்ரோல் நடுக்கம்பி திரும்பப் பற்றவைக்கப்பட்டது என்ற இரண்டு வரிகளும் பென்சிலால் எழுதியிருந்தேன். இளைஞன் அதை வாங்கிப் படித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்புதான் எர்த், மாற்ற வேண்டாம் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்து, திருகுகளைத் தானே முடுக்கினான்.